தண்டவாள அகலமும் யந்திர பாஷையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் 1931ஆம் ஆண்டு மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, வண்டியின் தலைக்கு மேலே சென்ற கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தது. கீழே கிடந்த தண்டவாளங்களின் இடைவெளி சரியாக ஒரு மீட்டர். 1960களின் பிற்பகுதியில் அந்தக் கம்பிக்கு 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்து சேர்ந்தது. பின்னர் ஒரு மீட்டர் என்ற அகலமும் படிப்படியாக 1,676 மில்லிமீட்டராக விரிந்து, 2004ஆம் ஆண்டோடு மீட்டர் கேஜ் மின்சார வண்டி இந்தப் பாதையிலிருந்து விடைபெற்றுக்கொண்டது. பல்லாவரத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்குகிற பிரயாணிக்கு இவற்றால் பெரிய வித்தியாசம் ஏதும் தோன்றியிராது. அதே ஸ்டேஷன்கள், அதே கூட்டம், அதே ஜன்னலோரக் காற்று. ஆனால் தாம்பரம் பணிமனையில் நின்ற தொழிலாளிக்கோ, சக்கரங்களைத் தாங்கும் அச்சும், மோட்டாரின் சுற்றும், கம்பியிலிருந்து மின்சாரத்தை வாங்கும் கையும் ஒவ்வொரு முறையும் புதுப்பாடமாக வந்து நின்றன. பிரயாணம் மாறாமல் இருப்பதற்காக, பிரயாணத்தைத் தாங்குகிற அனைத்தும் மாறவேண்டியிருந்தது.

கணிப்பொறி உலகத்திலும் இதைப் போன்ற ஒரு வேலை உண்டு. ஓரிடத்தில் எழுதப்பட்ட மென்பொருளை, அது முன்பின் கண்டிராத வேறொரு யந்திரத்தின் மீது ஓடும்படி இசைவிப்பதே அந்த வேலை. அதில் ஈடுபட்டவர்கள் தங்களுக்குள் அதைப் ‘போர்ட் பண்ணுவது’ என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். கிண்டியிலிருந்து தரமணி, குரோம்பேட்டை வழியாகத் தாம்பரம் வரைக்கும் பரந்து கிடக்கும் தென்சென்னைப் பிரதேசத்தில் இத்தொழிலுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் இருந்தும், அதை எடுத்துச் சொல்லுகிறவர்கள் மிகவும் குறைவு. யந்திரம் எந்த ஆண்டில் வந்தது, அதை யார் திறந்து வைத்தார்கள் என்பதைச் சலவைக்கல்லில் பொறித்துச் சுவரில் பதிக்கிறோம். அந்த யந்திரத்தின் ஸ்வபாவத்தை அறிந்து, அயலிலிருந்து வந்த புரோகிராமை அதனோடு பழக்கியவர்களின் உழைப்பு எந்தச் சுவரிலும் இடம்பெறுவதில்லை. இது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். அந்த உழைப்பு இல்லாவிட்டால், திறந்து வைக்கப்பட்ட யந்திரம் விலையுயர்ந்த இரும்புப் பெட்டியாகவே நின்றிருக்கும்.

இந்த உழைப்பு ஏன் வேண்டியிருக்கிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். கணிப்பொறியின் மையமாகிய ப்ராசஸருக்கு, அதை வடித்தவர்கள் கொடுத்த ஒரே ஒரு பாஷைதான் தெரியும். கூட்டு, கழி, இங்கிருந்து எடு, அங்கே வை, விடை பூஜ்யமானால் இன்ன இடத்துக்குப் போ என்பவை போன்ற சில ஆணைகளும், அந்த ஆணைகளை எந்தெந்த எண்ணால் குறிப்பது என்ற ஏற்பாடும் சேர்ந்ததே அந்தப் பாஷை. ஒரு குலத்து ப்ராசஸருக்குக் ‘கூட்டு’ என்று பொருள்படுகிற எண், இன்னொரு குலத்துக்கு ‘நில்’ என்று பொருள்படலாம். பொருளே இல்லாமலும் போகலாம். ஆணைகளை எப்படியோ மாற்றிக்கொண்டாலும் வேறு சங்கடங்கள் காத்திருக்கும். இரண்டு பைட்டுகள் சேர்ந்த ஓர் எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது சிறிய பாதியை முதலில் வைப்பதா, பெரிய பாதியை முதலில் வைப்பதா என்பதிலேயே யந்திரங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஒரு வழக்கத்தில் எழுதிய நாடாவை மற்ற வழக்கத்து யந்திரம் இரண்டிரண்டு பைட்டாக வாசித்தால், ஒவ்வொரு ஜோடியிலும் எழுத்துகள் இடம் மாறிவிடும். யூனிக்ஸ் என்ற இயக்குதளத்தின் பெயரை இங்கிலீஷில் எழுதும் நான்கு எழுத்துகள் இவ்வாறு இடம் மாறி ‘நுக்ஸி’ என்று வந்து நின்றதாக ஒரு கதை உண்டு. இந்தத் தொல்லைக்கு அதுவே பெயராகவும் நிலைத்துவிட்டது. தாம்பரத்துக்குக் கிழக்கேயுள்ள சேலையூரின் பெயரை நான்கு எழுத்துகளாகக் கொண்டு அதே யந்திரத்தில் இட்டால், ‘லைசேர்யூ’ என்ற ஊர் கிடைக்கும். அப்படி ஓர் ஊரைத் தேடிக்கொண்டு புரோகிராம் அலையும்.

இக்காரணங்களால், கணிப்பொறிகளின் ஆரம்ப காலத்தில் மென்பொருள் பிரயாணம் செய்யவில்லை. பிறந்த யந்திரத்திலேயே வாழ்ந்து, அந்த யந்திரம் கழிக்கப்பட்டபோது அதனோடு கூடவே மறைந்தது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1969இல் பிறந்த யூனிக்ஸும் அவ்வாறே மறைந்திருக்கக்கூடும். ஆனால் 1973இல் அதனுடைய உட்கரு, டெனிஸ் ரிச்சி வகுத்த சி என்ற பாஷையில் திரும்ப எழுதப்பட்டது. சி என்பது எந்த ப்ராசஸருக்கும் தாய்மொழியன்று. ஒவ்வொரு ப்ராசஸருக்கும் உரிய கம்பைலர் ஒன்று அதனைப் பெயர்த்துக் கொடுத்தாக வேண்டும். ஆகவே கம்பைலரை மட்டும் புதிய யந்திரத்துக்கு இசைத்துவிட்டால், பின்னால் வரும் லட்சக்கணக்கான வரிகள் பெரும்பாலும் தாமாகவே இசைந்துவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1977இல் ஆஸ்திரேலியாவின் வொலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லரும், அதே காலத்தில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சியும் ஸ்டீவன் ஜான்சனும், யூனிக்ஸை இன்டர்டேட்டா என்ற வேறு குலத்து யந்திரங்களில் நடமாடச் செய்து அந்த நம்பிக்கையை மெய்ப்பித்தார்கள்.

யூனிக்ஸ் சி பாஷைக்கு மாறிய அதே 1973இல்தான், மேற்கு ஜெர்மனியின் ஒத்துழைப்போடு 1959இல் கிண்டி வனத்தின் மரங்களுக்கிடையே எழுந்த சென்னை ஐ.ஐ.டி.யில், ஐ.பி.எம். 370 வரிசையைச் சேர்ந்த 155 என்ற பெரிய கணிப்பொறி வந்து அமர்ந்தது. புள்ளிமான்களும் கலைமான்களும் மேய்கிற அந்த வனத்திற்குள்ளே, குளிர்பதனம் செய்த கூடத்தில் குடியேறிய அந்த யந்திரம், அக்காலத்து இந்தியாவில் இருந்த கணிப்பொறிகளுள் மிகவும் ஆற்றல் வாய்ந்தவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அதனிடம் வேலை கேட்டவர்கள் 80 பத்திகள் கொண்ட அட்டைகளில் துளையிட்டு, அக்கட்டைக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும் வரையில் காத்திருப்பார்கள். அட்டைகளில் இருந்தது பெரும்பாலும் ஃபோர்ட்ரான் பாஷை. உலகமெங்கும் ஒரே ஃபோர்ட்ரான்தானே, பம்பாயில் எழுதியதைச் சென்னையில் ஓட்டுவதற்கு என்ன தடை என்று வெளியிலிருப்பவர் கேட்கலாம்.

தடை எண்களுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் 1964இல் நிறுவப்பட்ட சி.டி.சி. 3600 என்ற யந்திரம், ஓர் எண்ணை 48 பிட்டுகளில் வைத்துக்கொள்வது. பின்ன எண்களைப் பத்துத் தசம இலக்கத்துக்குக் குறையாத துல்லியத்தோடு அது காப்பாற்றும். ஐ.பி.எம். 370க்கோ சாதாரணமான எண் ஒன்றுக்கு 32 பிட்டுகளே உண்டு. அத்தோடு, அது பின்ன எண்களை இரண்டின் அடுக்குகளாகக் கொள்ளாமல் பதினாறின் அடுக்குகளாகக் கொள்வதால், எண்ணின் தலைப்பகுதியில் மூன்று பிட்டுகள் வரையில் பயனில்லாமல் பூஜ்யமாய்க் கிடக்கவும் கூடும். எஞ்சும் துல்லியம் ஆறு அல்லது ஏழு இலக்கம். முதல் யந்திரத்தில் சரியான விடை தந்த ஒரு கணக்கு, இரண்டாவதில் எவ்விதக் குறையும் சொல்லாமல், பிழைச் செய்தி ஒன்றும் அச்சிடாமல், ஐந்தாம் இலக்கத்துக்கு அப்பால் வேறு விடையைத் தந்துவிடும். நாலாயிரம் முறை கூட்டிப் பெருக்குகிற கணக்கானால் அந்தச் சிறு பிழை வளர்ந்து முதல் இலக்கத்தையே தின்றுவிடுவதும் உண்டு. ஆகையினாலே, எந்த எண்ணை இரட்டைத் துல்லியத்தில் வைப்பது, எதை விட்டுவிடலாம் என்று புரோகிராமை வரி வரியாக வாசித்துத் தீர்மானிப்பது இன்றியமையாததாயிற்று. இதுவும் போர்ட் பண்ணுவதில் ஒரு பகுதியே. நான் அறிந்தவரையில் கடினமான பகுதி இதுதான். ஏனெனில், ஓடாமல் நின்றுவிடுகிற புரோகிராம் தன் குறையைத் தானே சொல்லிவிடுகிறது, தவறாக ஓடுகிற புரோகிராம் ஒன்றும் சொல்வதில்லை.

எழுத்துகளிலும் இத்தகைய வேறுபாடு இருந்தது. ஐ.பி.எம். யந்திரங்களின் எழுத்துக் குறியீட்டில் இங்கிலீஷின் முதல் ஒன்பது எழுத்துகள் 193 முதல் 201 வரையில் வரிசையாக நிற்கும். பத்தாவது எழுத்தாகிய ‘ஜே’ 202இல் நிற்காமல் 209க்குத் தாவிவிடும். அதேபோல் ‘ஆர்’ என்பது 217இலும், அடுத்துவரும் ‘எஸ்’ 226இலும் இருக்கும். துளையட்டையின் அமைப்பை ஒட்டி எழுந்த ஏற்பாடு இது. எழுத்துக்கு ஒன்று கூட்டினால் அடுத்த எழுத்து வரும் என்று நம்பி எழுதப்பட்ட புரோகிராம்கள் இந்த இடைவெளிகளில் தடுக்கி விழுந்தன. ஒரு யந்திரத்தைப் பற்றி அதை ஆக்கியவர்கள் கொடுத்த கையேட்டை ஆயிரம் பக்கம் வாசித்தாலும், இப்படித் தடுக்கி விழுந்த இடங்களில்தான் அதன் ஸ்வபாவம் மனத்தில் பதிகிறது. அந்தக் கூடத்தில் அட்டைகளோடு காத்திருந்த மாணவர்களும் ஆசிரியர்களும், தங்கள் விருப்பத்தைக் கேட்டு வடிக்கப்படாத ஒரு யந்திரத்தின் இயல்புக்குத் தங்களுடைய எண்ணங்களை இணக்கிக்கொண்டவர்கள். கப்பலில் வந்து இறங்கியது எதுவோ அதற்கு இணங்குவதே அக்காலத்து வித்தை.

1980களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1984இல் தாம்பரம் சானடோரியத்துக்கு அருகே ஏற்றுமதித் தொழில் வளாகம் ஒன்று அமைந்தது. மக்கள் அதை மெப்ஸ் என்கிறார்கள். அதே காலத்தில் இந்தியக் கம்பெனிகள் சில, மோட்டரோலா, இன்டெல் ப்ராசஸர்களை வாங்கி, அவற்றின் மீது யூனிக்ஸை அமைத்து வங்கிகளுக்கும் அலுவலகங்களுக்கும் விற்றன. அதன் பிறகு இன்டெல் குலம் மேஜைதோறும் பரவிற்று. எல்லா மென்பொருளும் அந்தக் குலத்துக்கென்றே தயாராகிக் குறுந்தகட்டில் வந்தபோது, போர்ட் பண்ணவேண்டிய நிர்ப்பந்தமும் மறைந்தது. ஒரு வித்தைக்கு இவ்வளவு சௌகரியம் நல்லதன்று. கையாளாத கருவி துருப்பிடிப்பதைப் போல, யந்திரத்தின் அடிநிலையை அறிந்த ஞானம் ஒரு தலைமுறைக் காலம் சில கலாசாலை வகுப்பறைகளோடும், சாதனங்களுக்குள் புதைந்து இயங்கும் சிறு ப்ராசஸர்களோடு பழகியவர்களோடும் ஒடுங்கி நின்றது.

அந்த ஞானத்தை உயிரோடு வைத்திருந்த வழிகளுள் தலையாயது லினக்ஸ் என்ற இயக்குதளமும் அதனைச் சூழ்ந்த திறந்த மென்பொருளும் என்று சொல்லவேண்டும். மூல வடிவிலேயே கைக்குக் கிடைக்கிற மென்பொருளை அவரவர் தத்தம் யந்திரத்தில் கம்பைல் செய்துகொள்ள வேண்டியிருந்ததால், அதற்கென்று தனி உபகரணங்கள் தோன்றின. 1991இல் டேவிட் மெக்கன்ஸி ஆக்கிய ஆட்டோகான்ஃப் அவற்றுள் ஒன்று. அது உண்டாக்கித் தரும் ‘கான்ஃபிகர்’ என்ற சிறு புரோகிராம், தான் வந்திறங்கிய யந்திரத்தை நூறு கேள்வி கேட்கும்: முழு எண்ணின் நீளம் எத்தனை பைட்டு, சிறிய பாதி முதலிலா பெரிய பாதி முதலிலா, இன்ன நூலகம் உண்டா, இன்ன பணியைச் செய்யும் வசதி உண்டா என்று. தென்சென்னைப் புறநகரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர், அறைகளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கிணற்றுத் தண்ணீர் உப்பா நல்ல தண்ணீரா, மழை பெய்தால் தெருவில் நீர் தேங்குமா என்று விசாரிப்பதில்லையா? அதே விவேகம்தான். விசாரித்தறிந்த பதில்களுக்கேற்ப, மென்பொருளின் எந்தப் பகுதியைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று அது குறித்துக் கொடுக்க, கம்பைலர் அதன்படி நடக்கும்.

1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தோற்றுவித்ததும் இப்போது தரமணியில் இருப்பதுமான கணித விஞ்ஞான ஸ்தாபனம், 2004இல் ‘கப்ரூ’ என்ற இமயமலைச் சிகரத்தின் பெயரால் ஒரு கணிப்பொறித் தொகுதியை அமைத்தது. கணு என்னும் தனிக் கணிப்பொறி ஒன்றுக்கு இரண்டு ஜியான் ப்ராசஸர்கள் வீதம் 144 கணுக்களை இணைத்து, லினக்ஸின் மீது ஓடச் செய்த அத்தொகுதி, உலகத்தின் அதிவேகக் கணிப்பொறிகள் 500இன் பட்டியலில் இடம்பெற்றது. கடைகளில் கிடைக்கும் சாதாரண உறுப்புகளைக் கொண்டே அதைச் சாதித்தார்கள் என்பது பெருமைக்குரியது. இத்தகைய தொகுதியில் ஒவ்வொரு கணுவும் தன் சக்தி முழுவதையும் தரவேண்டுமானால், அணிகளைப் பெருக்கும் நூலகம் போன்ற அடித்தளப் பகுதிகளை, அந்த ப்ராசஸரின் உட்புறத்தே இருக்கும் சிறு நினைவகத்தின் அளவறிந்து, அதற்குள் அடங்குமாறு கணக்கைத் துண்டு துண்டாக வகுத்து அமைத்தாக வேண்டும். ஓடுவது வேறு, நன்றாக ஓடுவது வேறு. இரண்டாவதற்கு யந்திரத்தோடு இன்னும் நெருங்கிய பரிச்சயம் தேவை.

அடுத்த ஆண்டில் அரங்கம் குரோம்பேட்டைக்கு மாறுகிறது. குரோமியம் கொண்டு தோல் பதனிட்ட ஆலையொன்றால் பெயர் பெற்ற அவ்வூரில், 1949இல் சி. ராஜம் நிறுவியது எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கலாசாலை. அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்றது அங்கேதான். அதன் வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும், சி-டாக் என்ற அரசாங்கக் கணினி ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் சென்னைப் பிரிவும் சேர்ந்து, 2005இல் மத்திய அரசாங்கத்தின் ஆதரவில் திறந்த மென்பொருளுக்கான தேசிய ஆதார மையத்தை ஏற்படுத்தின. அந்த முயற்சியிலிருந்து 2007இல் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் தொகுப்பு வெளிவந்தது. டெபியன் என்ற உலகத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, இந்திய பாஷைகளுக்குரிய எழுத்துருக்களையும் உள்ளீட்டு முறைகளையும் சேர்த்து ஆக்கப்பட்டது அது. இங்கே இசைவிக்கப்பட்டது ப்ராசஸருக்கன்று, மக்களுக்கு என்று ஒருவர் சொல்லக்கூடும், உண்மைதான். ஆனாலும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை மூலத்திலிருந்து பில்ட் செய்து, ஒன்றோடொன்று முரணாதபடி கோத்து, ஒரு தொகுப்பாக வெளியிடும் பயிற்சி அதனால் இவ்விடத்தில் வேரூன்றிற்று. அந்தப் பயிற்சி பின்னால் வேறொரு ரூபத்தில் தேவைப்பட்டது.

அந்தத் தேவை, அட்டைகளோடு காத்திருந்தவர்கள் நடமாடிய அதே வனத்திலிருந்து எழுந்தது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 2010இல் ரிஸ்க்-ஃபைவ் என்ற புதியதொரு யந்திர பாஷையை வகுக்கத் தொடங்கினார்கள். அதன் விசேஷம், அதற்கு உரிமையாளன் கிடையாது என்பது. யார் வேண்டுமானாலும், எவரிடமும் அனுமதி கேட்காமலும் கப்பம் கட்டாமலும், அந்தப் பாஷையைப் பேசும் ப்ராசஸரை வடித்துக்கொள்ளலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் கணினித் துறையில் ‘ரைஸ்’ ஆய்வுக்கூடத்தினர், பேராசிரியர் வி. காமகோடியின் தலைமையில், அந்தப் பாஷையை ஏற்று ‘சக்தி’ என்ற ப்ராசஸர் குடும்பத்தை வடிக்கலாயினர். வடிவமைப்பு முழுவதையும் யாவரும் காணும்படி வெளியிட்டார்கள். சிறு கருவிகளுக்கு ‘ஈ’ வகுப்பு, லினக்ஸைத் தாங்கத்தக்கதாகச் ‘சி’ வகுப்பு என்று பிரித்ததோடு, அவற்றைத் தாங்கும் சோதனை அமைப்புகளுக்குப் பினாகம், பரசு, வஜ்ரம் என்று புராண ஆயுதங்களின் பெயர்களைச் சூட்டினார்கள்.

2018ஆம் ஆண்டு ஜூலையில் ரிஸ்க்-ஃபைவ் மாநாடு சென்னை ஐ.ஐ.டி.யிலேயே கூடிற்று. அதே காலத்தில், இன்டெல்லின் ஓரிகன் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்ட ‘ரைஸ்க்ரீக்’ என்ற சக்தி சிப்பு லினக்ஸைத் தன்மீது எழுப்பி ‘பூட்’ செய்துவிட்டது என்ற செய்தியும் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே சண்டிகரிலுள்ள அரசாங்கத்தின் எஸ்.சி.எல். ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் ‘ரிமோ’ என்ற சிப்பு வார்க்கப்பட்டது. 2020இல் ‘மௌஷிக்’ தொடர்ந்தது. 180 நானோமீட்டர் என்பது உலகம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னாலேயே கடந்து வந்த நிலை. அதை மறைக்கவேண்டியதில்லை, விண்கலங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் போன்றவற்றுக்கு அந்த நிலையே போதுமானது என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

புதிதாகப் பிறந்த ப்ராசஸருக்கு லினக்ஸ் எங்கிருந்து வந்தது? இங்கேதான் இந்தச் சரித்திரம் தலைகீழாகத் திரும்புகிறது. ரிஸ்க்-ஃபைவ் பாஷை 2017இல் ஜி.சி.சி. கம்பைலரின் ஏழாம் பதிப்பிலும், 2018 ஜனவரியில் லினக்ஸின் உட்கருவாகிய கர்னலின் 4.15ஆம் பதிப்பிலும் இடம்பெற்றுவிட்டது. ஆகவே கிண்டி வனத்தில் பிறந்த ஒரு யந்திரத்தின் பாஷையை, உலகமெல்லாம் சேர்ந்து முப்பது ஆண்டுகளாக எழுதிவைத்த மென்பொருட் களஞ்சியம் முன்கூட்டியே கற்றுக்கொண்டு காத்திருந்தது. 1973இல் வந்திறங்கிய யந்திரத்துக்கு நம்மவர்கள் இணங்கினார்கள். 2018இல் நம்மவர்கள் வடித்த யந்திரத்துக்கு உலகத்து மென்பொருள் இணங்க வந்தது. இந்த மாறுதலின் மதிப்பை, சிப்பின் வேகத்தைக் கொண்டு அளக்கிறவர்கள் உணர்ந்துகொள்ள முடியாது.

ஆனால் பாஷை தெரிந்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. ரிஸ்க்-ஃபைவ், ஒரு சிறிய அடிப்படையும் வேண்டும்போது சேர்த்துக்கொள்ளும் பகுதிகளுமாக அமைந்தது. ‘ஐ’ என்ற எழுத்து முழு எண் ஆணைகளையும், ‘எம்’ பெருக்கல் வகுத்தலையும், ‘ஏ’ பல ப்ராசஸர்கள் ஒரே நினைவகத்தைத் தொடும்போது குழப்பம் நேராமல் காக்கும் ஆணைகளையும், ‘சி’ ஆணைகளைச் சுருக்கி எழுதும் முறையையும், ‘எஃப்’, ‘டி’ என்பவை பின்ன எண் கணக்குகளையும் குறிக்கும். சக்தியின் ஈ வகுப்பில் உள்ளவை ஐ, எம், ஏ, சி என்ற நான்கு. கம்பைலரிடம் இதைச் சரியாகச் சொல்லவேண்டும். இல்லாத ‘எஃப்’ஐ இருப்பதாகச் சொல்லிவிட்டால், அந்த ஆணை வரும் முதல் இடத்திலேயே சிப்பு திகைத்து நின்றுவிடும். சரியாகச் சொன்னால், ஒவ்வொரு பின்னக் கணக்கையும் முழு எண் ஆணைகளாலேயே செய்து முடிக்கும் சிறு புரோகிராம்களைக் கம்பைலர் இடையில் சேர்த்துவிடும். விடை சரியாகவே வரும், காலம் மட்டும் பல மடங்காகும். ஒரு பணியிலிருந்து இன்னொரு பணிக்கு எண்களை எவ்வாறு கைமாற்றுவது என்ற உடன்படிக்கையையும் இதற்கேற்பத் தெரிவிக்கவேண்டும். ஒரு பகுதி ஓர் உடன்படிக்கையிலும், மற்றது வேறோர் உடன்படிக்கையிலும் கம்பைல் ஆகியிருந்தால், அவற்றை இணைக்கும் லிங்கர் இரண்டையும் கோக்க மறுத்துவிடும்.

இவ்வளவும் ஆன பிறகு இடம் குறித்த விவரங்கள் வருகின்றன. நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது? சக்தியில் பதினாறடிமான முறைப்படி எட்டுக்குப் பின் ஏழு பூஜ்யங்கள் உள்ள முகவரியில். கடிகாரம் வினாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது? வெளியுலகத்தோடு பேசும் தொடர்முறைக் கம்பி எங்கே இருக்கிறது? லினக்ஸுக்கு இவற்றை ‘டிவைஸ் ட்ரீ’ என்ற ஒரு தனிக் கோப்பில் எழுதித் தருகிறார்கள். கர்னலின் மூலத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், இந்தக் கோப்பை மட்டும் மாற்றினால் அதே கர்னல் வேறொரு போர்டில் எழுந்து நிற்கும். சக்தியின் சோதனைப் பலகைகளில் அந்தத் தொடர்முறைக் கம்பி வினாடிக்கு 19,200 பிட் வேகத்தில் பேசுகிறது. அந்த வேகம் கடிகாரத் துடிப்பை வகுத்துப் பெறப்படுவதால், வினாடிக்கு ஐந்து கோடித் துடிப்புள்ள கடிகாரத்தை நான்கு கோடி என்று தவறாக எழுதிவிட்டால், கர்னல் செம்மையாக ஓடினாலும் திரையில் வருவது ஒருவருக்கும் விளங்காத சின்னங்களாகவே இருக்கும். யந்திரம் பழுதா, மென்பொருள் பழுதா, எழுதிய எண் பழுதா என்று இரவு முழுவதும் தேடியவர்களை நான் அறிவேன். பெரும்பாலும் பழுது எண்ணில் இருக்கும்.

2022 ஏப்ரலில் மத்திய அரசாங்கம், ஐ.ஐ.டி.யின் சக்தியையும் திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா என்ற ப்ராசஸரையும் இணைத்து ரிஸ்க்-ஃபைவுக்கென்று ஒரு தேசியத் திட்டத்தை அறிவித்தது. 2025 பிப்ரவரியில், இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிப் பணிக்கென உருவாக்கிய ‘ஐரிஸ்’ என்ற சக்தி சிப்பு பூட் ஆகிவிட்டது என்று ஐ.ஐ.டி. தெரிவித்தது. சண்டிகரில் வார்த்து, கர்நாடகத்தில் உறையிட்டு, குஜராத்தில் தயாரான பலகையின் மீது அதைப் பொருத்திக் கோத்தது சென்னையிலுள்ள சிர்மா எஸ்.ஜி.எஸ். நிறுவனம், தாம்பரம் மெப்ஸில் தொழிற்சாலை வைத்திருக்கும் நிறுவனம் அது. அயல்நாட்டுக்கு அனுப்புவதற்காகவே 1984இல் வேலியிட்டு அமைத்த வளாகத்தோடு தொடர்புடைய கைகள், நாற்பது ஆண்டுகள் கழித்து, இந்நாட்டிலேயே வடித்து வார்த்த ப்ராசஸருக்குப் பலகை கோத்திருக்கின்றன. மெப்ஸ் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று அவ்வழியே போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவதுண்டு.

அவ்வாண்டு ஆகஸ்டில் டெபியனின் பதின்மூன்றாம் பதிப்பு வெளியாயிற்று. பாஸ் தொகுப்புக்கு அடிப்படையாக இருந்த அதே டெபியன், நிலைத்த வெளியீடு ஒன்றில் 64 பிட் ரிஸ்க்-ஃபைவை முழு உரிமையோடு ஏற்றுக்கொண்டது இதுவே முதல் தடவை. அதிலுள்ள பல்லாயிரம் மென்பொருள்களும் ஐ, எம், ஏ, எஃப், டி, சி என்ற ஆறு எழுத்துகளும் உடைய ப்ராசஸருக்கென்றே கம்பைல் ஆகி வருகின்றன. ஆறும் உடைய சிப்புக்கு டெபியனை அப்படியே எடுத்து வைத்து, டிவைஸ் ட்ரீயை எழுதிக்கொடுத்தால் போதும். நான்கே உடைய சிறு சிப்பாயின், அதற்கு வேண்டியவற்றை மூலத்திலிருந்து மறுபடியும் பில்ட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் கம்பைலர், பிறகு அடிப்படை நூலகம், பிறகு அந்த நூலகத்தை நம்பியிருக்கும் ஒவ்வொன்றும். ஆகவே புதிய போர்டு ஒன்று மேஜைக்கு வந்து சேர்ந்ததும், அதற்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் கேட்கப்படும் முதல் கேள்வி, இதில் எத்தனை எழுத்து என்பதாகவே இருக்கிறது.